ரெண்டு செண்டு

1

போன மாதம் அலுவலகத்தில் என்மீது ஒரு புகார் வந்தது. நான் மசாலா வாடை அடிக்கிறேனாம்.

இதை வாசிக்கிற திண்டுக்கல்காரர்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாகல் நகரில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் பட்டையும் கிராம்பும் பொரிகிற வாடைதான் முதலில் வந்து வாங்க என்று கூப்பிடும். அன்றைக்கு ஒரு வீட்டில் மசாலா வாடை வரவில்லை என்றால்தான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். நான் குடியிருக்கும் கனடாவின் எட்மண்டனில் நிலைமை தலைகீழ். பாதி வருஷம் ஜன்னலைத் திறக்க முடியாது. வெங்காயம் வதக்கினால் அந்த வாடை வாடகை கொடுக்காமல் வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் இங்கே வந்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தாளிப்பு வேலையெல்லாம் சனிக்கிழமை. அன்றைக்கு எல்லாருடைய குளிர்கோட்டும் கராஜில் தொங்கும். படுக்கையறைக் கதவின் அடியில் ஈரத்துண்டு கிடக்கும். இத்தனை காவல் போட்டும் எனக்கா இந்தப் பேர் என்று எரிச்சலாக வந்தது.

கூப்பிட்டுச் சொன்னவள் என் மேலதிகாரி லின்டா. நல்லவள். கதவைச் சாத்தி, குரலை இறக்கி, டிஷ்யூ பெட்டியை வேறு என் பக்கம் தள்ளிவைத்தாள். நான் அழுவேன் என்று எதிர்பார்த்தாள் போல. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அது சாப்பாட்டு வாடையா, பூசிக்கொண்ட வாசனையா? சாப்பாடு என்றால் அது என் பண்பாடு. புகார் கொடுத்தவர்தான் பொறுத்துப்போக வேண்டும், அவருக்கு அரைநாள் வகுப்புகூட எடுப்பார்கள். பூசிக்கொண்டது என்றால் விதிமீறல். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக எங்கள் கட்டடத்தில் யாரும் வாசனை பூசி வரக்கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் போன வருஷம் பலகை மாட்டியிருந்தார்கள். இரண்டில் எது என்று திங்கட்கிழமை சொல்லும்படி அனுப்பிவைத்தாள்.

உண்மையைச் சொன்னால் அது சாப்பாடும் இல்லை, வாசனையும் இல்லை. இடம். நாகல் நகரில் ரெண்டு செண்டு இடம்.

எங்கள் பக்கம் மனையைச் செண்டுக் கணக்கில்தான் பேசுவோம். நூறு செண்டு ஓர் ஏக்கர். மேலுக்குப் பூசிக்கொள்கிற வாசனைக்கும் செண்டு என்றுதான் பேர். தொண்ணூறுகளின் நடுவில் என் அப்பா என்னிடம் ரெண்டு செண்டு வேண்டும் என்று கேட்டார். அவர் கேட்டது இடம். நான் வாங்கிக்கொண்டு போனது இரண்டு பாட்டில். அதில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் அம்மாவின் மூன்றாம் வருஷ நினைவு நாள். லீவு கிடைக்கவில்லை. சர்ச்சில் அம்மாவுக்கு வைத்த பூசைக்குப் போக முடியாத குறைக்கு அந்தப் பாட்டிலிலிருந்து கொஞ்சம் பூசிக்கொண்டு வேலைக்குப் போனேன். இதையெல்லாம் லின்டாவிடம் எந்த இங்கிலீஷில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

2

அப்பா சூசை, ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். நாகல் நகரில் எங்கள் வீடு ஒரு ரயில் பெட்டி. முன்னால் கூடம், நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. மேற்கே பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியே இருக்கும். ஜன்னல் எல்லாம் கிழக்கே. அந்தக் கிழக்கில்தான் இந்த ரெண்டு செண்டு சும்மா கிடந்தது. எருக்கஞ்செடியும் உடைந்த ஓடும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் என்று ஒன்று வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அங்கே யாராவது சுவர் எழுப்பினால் அம்மா பட்டப்பகலில் பல்பு போட்டுத்தான் அரிசி களைய வேண்டும்.

இடத்துக்காரர் கரூர்ப் பக்கம் போய்விட்டவர். அதை விற்கப்போகிறார் என்று அப்பாவுக்குத் துப்புக் கிடைத்தது. என்னிடம் சொல்ல வேண்டும். எங்களுக்கோ போன் கிடையாது, பி.பி. நம்பர்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, அதில் கூப்பிட்டு நம்மை வரவழைத்துப் பேசுவதுதான் பி.பி. எங்களுக்குப் போன் கொடுத்து உதவியவர் எதிர்வீட்டு மளிகைக்கடை முத்தையா அண்ணன். அவருக்கும் அந்த இடத்தின்மேல் ஒரு கண் என்று தெருவே சந்தேகப்பட்டது. ஆக, அவர் வீட்டுக் கூடத்தில், அவர் நாற்காலி பக்கத்தில் நின்று, அவருக்குப் புரியாதபடி அப்பா என்னிடம் பேச வேண்டியதாயிற்று. நிமிஷத்துக்கு நிமிஷம் பணம் ஏறுகிற போன் கால், நாம் பேசியது நமக்கே திரும்பக் கேட்கும் லைன்.

"தாயி, நம்மளுக்கு ஒரு ரெண்டு செண்டு வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சலவைச் சட்டைக்கு மேல் பவுடர்கூடப் போடாத மனிதர். என்னப்பா திடீர்னு என்றேன்.

"ரொம்ப நாளா ஆசைதான். வெளிய சொல்லல. நீ டிசம்பர்ல வாரப்ப அதுக்குத் தோதா வா."

ரெண்டு போதுமா என்று கேட்டேன்.

"போதும். இப்ப விட்டா பெறகு கெடைக்காது. உங்கம்மாவுக்கும் அடுப்படிக்கு நல்லாருக்கும்."

அடுப்படிக்கு எதற்குச் செண்டு என்று ஒரு வினாடி தோன்றியது, இல்லையென்று சொல்லமாட்டேன். மீன் கழுவுகிற வாடை போகக் கேட்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆகமொத்தம் அன்றைக்கு அந்தப் பேச்சு யாருக்குப் புரியக்கூடாதோ அவருக்கு முழுசாகப் புரிந்தது. எனக்குப் புரியவில்லை.

3

டிசம்பர் தள்ளுபடி விற்பனை நெரிசலில் கடைக்குப் போனேன். வயசானவருக்கு, நல்லதாக, நாள்பட நிற்கிறதாக என்று கேட்டேன். கடைக்காரப் பெண் ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்து, இது ஸ்பைசி என்றாள். ஸ்பைசி என்றால் எனக்குத் தெரிந்தது காரம். மேலுக்குப் பட்டால் எரியுமா என்று கேட்டேன். அப்பாவுக்குச் சேராது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். அந்தப் பெண் பாவம், என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை அடித்துக் காட்டினாள்.

முதலில் மிளகு. மூக்கில் ஏறி இரண்டு தும்மல் போட வைத்தது. சரிதான், ஆளைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். மைனஸ் இருபது இருக்கும். கையுறைக்குள் என் மணிக்கட்டு மட்டும் தனியாகச் சூடாக இருப்பது போல ஒரு நினைப்பு. பஸ்ஸில் ஏறிக் கையுறையைக் கழற்றினேன். கிராம்பு வந்தது. அதன் பின்னால் பட்டை, செத்த நேரம் கழித்து ஏலக்காய். அஞ்சறைப்பெட்டியை யாரோ என் மடியில் வைத்துத் திறந்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, திரும்பிப் போய், அதையே இரண்டாக வாங்கினேன். வீட்டுக்காரர் விலையைக் கேட்டுவிட்டு, மாமா என்ன பொண்ணு பார்க்கப் போகிறாரா என்று கேலி பண்ணினார்.

4

ஊருக்குப் போய் இறங்கியதும் அப்பா என்னைக் காப்பி குடிக்கக்கூட விடவில்லை. கையைப் பிடித்து அந்தக் காலி இடத்துக்குக் கூட்டிப்போனார். எருக்கஞ்செடியை எல்லாம் அவரே வெட்டிச் சுத்தம் பண்ணி வைத்திருந்தார். எப்படி இருக்கு என்றார். பரவாயில்லை, முனிசிபாலிட்டிக்காரர்கள் இப்போதெல்லாம் நன்றாகக் கூட்டுகிறார்கள் என்றேன். அப்பா, ராத்திரி சாவகாசமாப் பேசுவோம் என்று திரும்பி நடந்தார். இந்தக் காட்சியை இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு குட்டு குட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். எட்மண்டனில் சொந்த வீடு வாங்கிவிட்டோம், எல்லாம் கடன்தான், இருபத்தைந்து வருஷம் கட்ட வேண்டும், இனிமேல் மூச்சுவிட முடியாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் பெட்டியைத் திறந்து, பளபளப்புக் காகிதம் சுற்றிய இரண்டு பாட்டிலையும் அவர் கையில் வைத்தேன். இந்தாங்கப்பா, நீங்க கேட்ட ரெண்டு செண்டு என்றேன்.

அப்பா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

"நல்லாருக்கு தாயி" என்றார் அப்பா, அவள் பேசுவதற்கு முன்னால். "அம்புட்டுத் தொலைவுலருந்து சொமந்துட்டு வந்துருக்கியே."

உள்ளங்கையில் அடித்து, தேங்காயெண்ணெய் தேய்ப்பது போலக் கழுத்திலும் கையிலும் பரபரவென்று தேய்த்துக்கொண்டார். எட்மண்டன் குளிரில் ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்த மிளகும் கிராம்பும் பட்டையும் திண்டுக்கல் புழுக்கத்தில் ஒரே நேரத்தில் கிளம்பின. தம்பி அருள் வாசலிலிருந்து உள்ளே வந்து, இன்னைக்கு என்ன வெஞ்சனம், கறிக்குழம்பா என்று கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அதைப் பூசிக்கொண்டே வந்தார். நாங்கள் உட்கார்ந்த வரிசைக்கு முன்னாலும் பின்னாலும் மூன்று வரிசை வரை தலைகள் திரும்பின. காலையில் பட்டினியாக வந்த பிள்ளைகள் நெளிந்தார்கள். பிரசங்கம் நடக்கும்போது ஒரு சின்னப்பிள்ளை, யாரும்மா பிரியாணி கொண்டாந்தா என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நான் கிளம்பும்போது ஒரு பாட்டிலை என் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டார். ஒண்ணு போதும், ஒண்ணு நீ போட்டுக்க என்றார்.

5

அடுத்த தடவை நான் ஊருக்குப் போக ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. கடன், மகள் ஷீலாவின் பள்ளிக்கூடம், விசா புதுப்பிப்பு, பாஸ்போர்ட்டில் என் பெயர் ஓரிடத்தில் ஓர் எழுத்துக் குறைந்துபோய் அதற்கு அலைந்த அலைச்சல் என்று காரணத்துக்குப் பஞ்சமில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் இருட்டு. பகல் பதினொரு மணிக்கு டியூப் லைட் எரிகிறது. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கை எட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். முத்தையா அண்ணன் மகனுக்காக அந்த இடத்தை வாங்கி மூன்று மாடி கட்டியிருந்தார். யாரும் எனக்குப் போனில் சொல்லவில்லை. ஏம்ப்பா பகல்லயே லைட்டு என்றேன். கண்ணு மங்கிப்போச்சு தாயி என்றார்.

தெருவில் அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் விழுந்திருந்தது. செண்டு வாத்தியார். எனக்கு அதில் ஏக சந்தோஷம். நான் வாங்கிக் கொடுத்தது அவ்வளவு பிரசித்தமா என்று நினைத்துக்கொண்டு, சோப்பு வாங்கப் போன கடையில் நானே என்னைச் செண்டு வாத்தியார் மகள் என்று சொல்லிக்கொண்டேன். கடையில் இருந்த பொம்பளை என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓ, நீதானா அது? எடம் கேட்டதுக்குப் பாட்டிலு வாங்கியாந்த பொண்ணு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைத்தாள். முத்தையா அண்ணன் போன் பேச்சைக் கேட்ட மறுவாரமே கரூருக்குப் போய் அட்வான்ஸ் பேசியது, ஆனாலும் வாத்தியார் மகள் வந்து கேட்டால் விட்டுக்கொடுத்துவிடலாம் என்று டிசம்பர் முடியக் காத்திருந்தது, நான் பாட்டிலோடு வந்து இறங்கியதைக் கேள்விப்பட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தது எல்லாவற்றையும் சாவகாசமாகச் சொன்னாள். சோப்பை வாங்காமலே வந்துவிட்டேன்.

அம்மா அடுப்படியில் பல்பு வெளிச்சத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

"உங்கப்பா எனக்கு வெளிச்சம் வாங்கித் தாரேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாரு" என்றாள் அம்மா, கீரையிலிருந்து கண் எடுக்காமல். "வாசம்தேன் வந்துச்சு. அதுக்கு எதுக்கு அழுகுற?"

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். கடன் வாங்கியாவது முடித்திருப்பேனே என்றேன்.

"நீ அம்புட்டு ஆசையாப் பிரிச்சுக் காட்டுன" என்றார். "மொகத்தப் பாத்த பெறகு, நான் கேட்டது இது இல்லன்னு எப்புடிச் சொல்றது?"

6

அதுவரை என் பங்குப் பாட்டில் பிரிக்காமல்தான் கிடந்தது. திரும்பி வந்த பிறகுதான் பூசிக்கொள்ள ஆரம்பித்தேன், அதுவும் எப்போதாவது. மற்ற வாசனைகள் போல இது பூசியதும் வேலையைக் காட்டிவிட்டு ஓடிப்போவதில்லை. குளிரில் கோட்டுக்கு அடியில் சத்தம் காட்டாமல் இருக்கும். ஹீட்டர் போட்ட அறைக்குள் வந்து பொத்தானைக் கழற்றினால் நமக்கு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிடும். இரண்டு நாள் கழித்து ஸ்கார்ஃபை எடுத்தால் அதில் கிராம்பு மிச்சமிருக்கும். வாடை பிடிக்கக்கூடாது என்று பொத்திப் பொத்தித் திரிந்த நான் விலை கொடுத்து வாங்கிய வாடையைப் பூசிக்கொண்டு திரிந்தேன். வெள்ளைக்காரச் சிநேகிதி ஒருத்தி இதே பாட்டிலைப் பூசியபோது எல்லாரும் அவளிடம் எந்தக் கடை என்று விசாரித்தார்கள். என்னிடம் மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். இதற்கு நான் என்ன செய்ய?

ஷீலாவுக்கு இப்போது பதினேழு. தமிழ் புரியும், திருப்பிப் பேச வராது, அல்லது பேச மனசு வராது. தாத்தாவோடு போனில் பேசச் சொன்னால் எனக்குப் பரீட்சை என்பாள். ஆனால் நான் இதைப் பூசினால் மட்டும் மாடியிலிருந்தே தாத்தா வாடை என்று தமிழில் கத்துவாள். வாடை என்ற சொல்லை வேறு எதற்கும் அவள் பயன்படுத்திக் கேட்டதில்லை. லின்டா கூப்பிட்ட அன்று சாயங்காலம் அவளிடம் கதை முழுவதையும் சொன்னேன். ரெண்டு செண்டு எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். நம் பேஸ்மென்ட் அளவு இருக்கும் என்றேன். பேஸ்மென்டில் ஒரு பழைய ட்ரெட்மில்லும் அவள் சின்ன வயசு சைக்கிளும் கிடக்கின்றன. அவ்வளவுதானா என்றாள். அவ்வளவுதான் என்றேன்.

7

அந்தச் சனிக்கிழமை அருள் கூப்பிட்டான். இப்போது அவன் கையில் செல்போன், அப்பா கையிலும் ஒன்று. முத்தையா அண்ணனை மகன் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகிறானாம். மூன்று மாடியும் விலைக்கு வருகிறதாம். வெளியே சொல்வதற்கு முன்னால் வாத்தியார் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் சொல்வேன் என்று அண்ணனே வாசலில் வந்து நின்று சொல்லியிருக்கிறார். மனிதர்மேல் எனக்குப் பழைய கோபம் இல்லை. ஊரில் இப்போது தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிறது. நம் வீடு பகலிலேயே இருண்டு கிடப்பதைப் பார்த்து, தன் இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயரை இழுத்து அப்பாவின் நாற்காலிக்கு மேல் ஒரு பல்பு போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

நானும் வீட்டுக்காரரும் ராத்திரி முழுக்கப் பேசினோம். இந்த வீட்டின்மேல் மறுபடி கடன் வாங்கலாம். வாங்கி, அந்த மூன்று மாடியில் கிழக்கு ஜன்னலை மறைக்கிற பக்கத்தை இடித்துவிடலாம். அவர் என்னைப் பைத்தியமா என்று கேட்கவில்லை. அவசரமா என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்கு எண்பதாகிறது, அவசரம்தான் என்றேன். அப்பா அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து வெயிலில் ஒரு நாளாவது பேப்பர் படிக்க வேண்டும். அது நடந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை, அங்கே சாயங்காலப் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிக் கூப்பிட்டேன். லைன் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை, மறைத்துப் பேச வேண்டியதும் இல்லை. ஷீலாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டேன்.

"அப்பா, அந்த ரெண்டு செண்டு வருதாம்ப்பா. வாங்கிருவோமா?"

ஒவ்வொரு சொல்லாக, கரும்பலகையில் எழுதிக்காட்டுவது போலச் சொன்னார்.

"எதுக்குத் தாயி? உங்கம்மாவும் போயிச் சேந்துட்டா. நான் வாரத்துக்கு ஒரு தடவதேன் போடுறேன். இன்னும் அர பாட்டிலு கெடக்கு. அது தீரட்டும், பெறகு பாப்போம்."

போனை அருள் வாங்கினான். அப்பாவுக்குக் காது சுத்தமாகப் போய்விட்டதா, எப்போதிருந்து, ஏன் டாக்டரிடம் காட்டவில்லை என்று நான் படபடத்தேன். அவன் சிரித்தான்.

"காதா? முத்தையாண்ணன் வாசல்ல மெதுவாப் பேசுனது அம்புட்டையும் உள்ள ஒக்காந்தே கேட்டுட்டாரு. அக்காட்ட நீ வெவரத்தச் சொல்லு, பதில நான் சொல்லிக்கிறேன்னாரு."

ஷீலா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாத்தா எந்தச் செண்டைச் சொன்னார் என்று கேட்டாள்.

மறுநாள் காலை லின்டாவின் அறைக்குப் போய், அது செண்டுதான், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.